இருவாச்சி காணாத வெளிச்சம்

மலைக்காட்டின் நடுவே ஒரு குட்டை இருந்தது. அதன் கரையில் நின்ற அத்திமரத்தின் உச்சிக் கிளையில், செங்கண்ணன் என்ற ஆண் இருவாச்சி தினமும் காலையில் வந்து உட்காருவான். நீளமான மஞ்சள் அலகு. அலகின் மேல் தொப்பி கவிழ்த்ததுபோல ஒரு கொண்டை. இரத்தச் சிவப்பில் இரண்டு கண்கள். அந்தக் கண்களைப் பற்றி அவனுக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எந்தச் சரிவில் எந்த ஆலமரம் பழுத்திருக்கிறது என்று மூன்று மலைக்கு இப்பால் இருந்தே பார்த்துச் சொல்லிவிடுவான். “கிழக்குச் சரிவுல ஆலம் பழுத்தாச்சு!” என்று அவன் ஒரு குரல் கொடுத்தால் போதும். குரங்கு, அணில், புறா எல்லாம் பந்திக்குக் கிளம்பிவிடும். காட்டில் பாதிப் பேர் அவன் கண்ணை நம்பித்தான் சாப்பிட்டார்கள். நம்பிச் சாப்பிடுகிறவர்கள் நாலு வார்த்தை புகழத்தானே செய்வார்கள்? அந்தப் புகழ் அவன் தலைக்கு ஏறிவிட்டது.

ஒரு நாள் பொன்னி என்ற தேனீ குட்டைக்கரையில் ஒரு மஞ்சள் பூவைச் சுற்றிச் சுற்றிப் பறந்தாள்.

“இந்தப் பூ நடுவுல எவ்வளவு அழகா கோடு போட்டிருக்கு! தேன் இங்க இருக்கு, வான்னு வழி காட்டுது!” என்றாள்.

மாடப்பன் என்ற கருமந்தி அந்தப் பூவைப் பறித்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கோடா? எங்க கோடு? வெறும் மஞ்சள்!”

“உங்களுக்குத் தெரியாதுங்க. ஊதாவுக்கும் அப்பால ஒரு நிறம் இருக்கு. அது எங்க கண்ணுக்குத்தான் தெரியும்!”

கரையே சிரித்தது. அப்போது புதருக்குள்ளிருந்து மரகதம் தலையை நீட்டினாள். மரகதம் ஒரு பச்சைக் குழிவிரியன் பாம்பு. அவள் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் குழிகள் உண்டு.

“பொன்னி சொல்றது நிசமாத்தான் இருக்கும். எனக்கும் அப்படி ஒண்ணு தெரியுமே! சிவப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் இருக்கு. எது சூடா இருக்கோ அதுலேருந்து வரும். கும்மிருட்டுல எலி ஓடினாக்கூட என் குழிக்கு விளக்கு ஓடற மாதிரி இருக்கும்.”

“பாம்புக்கு எலி விளக்காம்!” என்று மாடப்பன் கிளையில் புரண்டு சிரித்தான்.

சேற்றில் நின்றிருந்த பெரியநாயகி என்ற பெண் யானையும் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மனிதர்கள் அவளுக்கு மயக்க ஊசி போட்டு, கழுத்தில் தடித்த பட்டை ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

“என் கழுத்துப் பட்டையிலேருந்தும் என்னமோ ஒண்ணு கிளம்பிப் போகுதப்பா. நான் எங்க நிக்கறேன்னு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற மனுசங்களுக்கு அது சொல்லிடுது!” என்றாள்.

செங்கண்ணன் தொண்டையைச் செருமினான். கரை அமைதியானது.

“இந்தக் காட்டுலயே பெரிய கண்ணு யாருக்கு?”

“உங்களுக்குத்தான்!” என்றான் மாடப்பன்.

“அந்தக் கண்ணுக்கே தெரியாத கோடு, தெரியாத விளக்கு, தெரியாத சேதி! இப்படி ஆளாளுக்கு அளந்தா இந்தக் கரை என்னத்துக்கு ஆகறது? ஒரு தீர்மானம் போடுவோம். கண்ணால காணாத சங்கதியை இனி யாரும் இங்க பேசக் கூடாது. சம்மதம்னா வாலைத் தூக்குங்க!”

அந்தக் குட்டைக்கரையில் ஓட்டுப் போடுவது அப்படித்தான். வால்கள் சரசரவென்று உயர்ந்தன. பொன்னிக்குத் தூக்கவும் வால் இல்லை, இறக்கவும் வால் இல்லை. மரகதத்தின் உடம்பில் வால் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் விளங்காததால் அவள் ஓட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெரியநாயகி வாலைத் தூக்கவே இல்லை. கை நிறையச் சேறு அள்ளுவதுபோல் தும்பிக்கையில் சேற்றை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டாள்.

“அந்தத் தேனீ சொல்ற வெளிச்சந்தான் என் முதுகைப் பொசுக்குது. அது பொய்யாம்! அப்ப நான் எதுக்குச் சேறு பூசறேனாம்?” என்று முணுமுணுத்தபடியே காட்டுக்குள் போய்விட்டாள்.

தீர்மானம் நிறைவேறியது. செங்கண்ணன் அலகு நிறைய அத்திப் பழத்தை அடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

அவன் வீடு எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மேட்டுச் சரிவில் ஒரு பெரிய தான்றி மரம். அதன் உயரத்தில் ஒரு பொந்து. அதற்குள் அவன் மனைவி வெண்கண்ணி இருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பொந்துக்குள் போய், மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைத் தானே அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடுவாள். உள்ளே இறக்கைச் சிறகுகள் உதிர்ந்துவிடும். குஞ்சு வளர்ந்து, சிறகு மறுபடி முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது. அதுவரை புருஷன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு.

இப்போது குஞ்சு பொரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. இறகே முளைக்காத ஒரே ஒரு குஞ்சு.

செங்கண்ணன் கீற்றின் வழியே பழங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தான். கொடுத்துக்கொண்டே அன்றைக்குத் தான் போட்ட தீர்மானத்தை விலாவாரியாகச் சொன்னான்.

“உங்க கண்ணு யாருக்குங்க வரும்!” என்றாள் வெண்கண்ணி. அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை. செங்கண்ணன் தான்றி மரத்தை விட்டுக் கிளம்பும்போது, அடிமரத்தின் பக்கத்துப் புதரிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அண்ணே! ஒரு நிமிசம்!”

மரகதம்தான்.

“உங்க மரத்து வேருக்குள்ள நெருப்பு இருக்குங்கண்ணே.”

செங்கண்ணன் மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் பறந்தான். புகை இல்லை. பொறி இல்லை. இலைகள் பச்சைப் பசேலென்று இருந்தன.

“எங்க நெருப்பு? காட்டு, பார்க்கலாம்!”

“கண்ணுக்குத் தெரியாதுங்க. அஞ்சு நாள் முன்னால கோடை இடி விழுந்ததே, அந்தப் பட்ட மரத்து அடியில? மேல மழை அணைச்சிடுச்சு. ஆனா ஒரு கங்கு மண்ணுக்குள்ள புகுந்து வேர் வழியா ஊர்ந்து வருது. தினமும் ஒரு முழம். நேத்து உங்க மரத்து வேரைத் தொட்டுடுச்சு. என் குழிக்குத் தகதகன்னு தெரியுது!”

“தீர்மானம் போட்ட மறுநாளே மீறுறியா?”

“ஆமாங்க, மீறுறேன். உசிரு போற விஷயமாச்சே!”

செங்கண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது.

“எனக்குப் புரியாதுன்னு நினைச்சியா? நான் பயந்துபோய் வாசலை உடைக்கணும். பறக்க முடியாத என் பொண்டாட்டியும் குஞ்சும் கீழ விழணும். உனக்கு விருந்து! இதானே?”

“உங்க குஞ்சு தலை இருக்கற இருப்புக்கு அது என் வாய்க்குள்ள நுழையுமாங்கண்ணே?” என்றாள் மரகதம். “வாசலை உடைங்கன்னு நான் சொல்லவே இல்லையே. நெருப்பை அணைக்க யாரையாவது கூப்பிடுங்கன்னுதான் சொல்றேன். சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்.”

அவள் புதருக்குள் சுருண்டுகொண்டாள்.

செங்கண்ணன் பழம் தேடிப் பறந்தான். வழக்கமான ஆலமரத்தில் உட்கார்ந்தான். பழம் அலகிலிருந்து இரண்டு முறை நழுவி விழுந்தது. பொய் சொல்கிறவள் ஏன் அடிபடுகிற தூரத்தில் வந்து சொல்ல வேண்டும்? அவள் சொன்னது நிஜமாக இருந்தால்? அரை வயிறும் நிரம்பாமல் திரும்பி வந்தான்.

“மரகதம்! வெளிய வா. நீ சொல்றது மெய்யா பொய்யான்னு நான் சோதிச்சுப் பார்க்கணும்.”

“சோதிங்க. அதுல என்ன வருத்தம்?”

செங்கண்ணன் ஓடையின் நிழலில் கிடந்த கூழாங்கற்களில் ஒரே மாதிரி மூன்றை எடுத்து வந்தான். மூன்றும் சில்லென்று இருந்தன. மரகதத்தைத் திரும்பி இருக்கச் சொல்லிவிட்டு, அவற்றில் ஒன்றைத் தன் நெஞ்சுக்கடியில் வைத்துக் கொஞ்ச நேரம் அடைகாத்தான். பிறகு மூன்றையும் வரிசையாக வைத்தான்.

“இதுல எது நான் அடைகாத்த கல்லு?”

அவன் கண்ணுக்கு மூன்றும் ஒரே கல்தான். மரகதம் தலையைத் திருப்பினாள். “நடுவுல இருக்கறது. எரியற மாதிரி தெரியுதே!”

சரிதான். ஆனால் செங்கண்ணன் லேசில் விடுகிற ஆள் இல்லை. தேக்கிலை ஒன்றைப் பறித்து, அலகின் நுனியால் பிடித்து, அவள் கண்களை மட்டும் மறைத்தான். காலால் கற்களை இடம் மாற்றினான். விரியனுக்கு அத்தனை கிட்டத்தில் அவன் வாழ்நாளில் போனதில்லை.

“இப்ப?”

“இடது கோடி.”

அதுவும் சரி! ஒருவேளை மோப்பம் பிடிக்கிறாளோ? செங்கண்ணன் இலையைக் கொஞ்சம் கீழே இறக்கினான். இப்போது குழிகளும் மூடிக்கொண்டன; மூக்கு மட்டும் திறந்திருந்தது. கற்களை மறுபடியும் கலைத்து வைத்தான்.

“இப்ப?”

மரகதம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். “இருட்டா இருக்குதுங்களே! வலது கோடியா?”

தவறு. செங்கண்ணன் இலையைக் கீழே போட்டான். கண்ணை மூடினாலும் தெரிகிறது, குழியை மூடினால் தெரியவில்லை. அப்படியென்றால் பார்ப்பது கண் அல்ல, குழி. அவள் பொய் சொல்லவில்லை. அடைகாத்த கல்லின் மேல் மெல்லக் கால் வைத்துப் பார்த்தான். இளஞ்சூடு காலில் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சூடு இத்தனை நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

அடுத்த கணமே தான்றி மரத்தை நிமிர்ந்து பார்த்தான். பச்சைப் பசேலென்றுதான் இருந்தது. ஆனால் இப்போது அந்தப் பச்சையை அவன் நம்பவில்லை.

“யாரைக் கூப்பிடறது மரகதம்? நீயே சொல்லு!”

“பெரியநாயகி அக்காவைத்தான் கேக்கணும்.”

பெரியநாயகி மூங்கில் காட்டில் மேய்ந்துகொண்டிருந்தாள். செங்கண்ணன் மூச்சிரைக்க வந்து அவள் முன்னால் இறங்கி, எல்லாவற்றையும் கொட்டினான்.

“கண்ணால காணாத சங்கதியைப் பேசக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கே தம்பி!” என்றாள் அவள், மூங்கிலை மென்றபடி.

“அதைத் தூக்கிக் குட்டையில போட்டாச்சுக்கா! நீங்க வந்து தண்ணி ஊத்தி அணைக்கணும்!”

பெரியநாயகி உடனே வந்தாள். வந்து அடிமரத்தை மோந்தாள். முன்காலால் மண்ணை மெல்ல அழுத்தினாள். முகம் மாறிவிட்டது.

“விரியன் சொன்னது சரிதான். ஆனா நெருப்பு பாறைக்கு அடியில, ஆழத்துல இருக்கு. நான் தோண்டினா மரமே சாஞ்சிடும். குட்டையிலயும் சேறுதான் மிச்சம். மண்வெட்டியும் தண்ணியும் வேணும். மனுசங்க வரணும்.”

“மனுசங்க மலைக்கு அந்தப் பக்கம் இருக்காங்க! நான் போய்க் கத்தினா அவங்களுக்கு என்ன புரியும்?”

“நீ போக வேண்டாம். இது போகும்.” பெரியநாயகி தும்பிக்கையால் கழுத்துப் பட்டையைத் தொட்டுக் காட்டினாள். “போன வருசம் பலாப்பழம் அதிகமாத் தின்னுட்டு வயித்து வலியில விழுந்து கிடந்தேன். காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் அசையல. பட்டை அசையாம இருந்தா அதுலேருந்து போற சேதியோட தாளமே மாறிடுமாம். நான் செத்துட்டேன்னு நினைச்சு அவங்க ஓடி வந்தாங்க! பார்த்தா நான் ஏப்பம் விட்டுக்கிட்டு எழுந்திருக்கேன். எனக்கு இந்தப் பட்டையை மாட்டின பரிமளாங்கற பொண்ணு சிரிச்சாளா அழுதாளான்னே தெரியல.”

“பட்டையிலேருந்து என்னக்கா போகுது?”

“வெளிச்சந்தான்! பரிமளா கூட வந்தவங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருந்தா. எல்லாமே ஒரே சாதி அலையாம். ஒரே வேகமாம். ஆனா ஒவ்வொண்ணும் எட்டு வைக்கற நீளம் வேறயாம். பொன்னி பார்க்கறது ரொம்பச் சின்ன எட்டு. அது தோலைச் சுடும், கொஞ்சம் சேறு பூசினா நின்னுடும். மரகதம் பார்க்கறது கொஞ்சம் பெரிய எட்டு. அது சூடு. என் பட்டையிலேருந்து போறது ரொம்ப நீள எட்டு. இலை, புகை, பனி எதுவும் அதை மறிக்காது.”

“அப்ப நான் பார்க்கறது?”

“நடுவுல ஒரு துணுக்கு தம்பி. நல்ல துணுக்குதான். ஆனா துணுக்கு.”

வேறு நாளாக இருந்திருந்தால் செங்கண்ணன் அதற்கு ஒரு வாரம் சண்டை போட்டிருப்பான். இப்போது தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்துவிட்டது; இருட்டில் மனிதர்கள் காட்டுக்குள் வர மாட்டார்கள். மறுநாள் விடிந்ததும் பெரியநாயகி தன் கூட்டத்தைப் பள்ளத்தாக்குக்கு மேய அனுப்பிவிட்டுத் தான்றி மரத்தருகே வந்தாள். ஆனால் படுக்காமல் தயங்கி நின்றாள்.

“என்னக்கா?”

“இந்தத் தேனீக் கூட்டம் பக்கத்துல ரீங்காரம் போட்டா என்னால படுத்துக் கிடக்க முடியாதப்பா. உடம்பெல்லாம் நடுங்கிடும்” என்றாள் அவள், கொஞ்சம் வெட்கத்தோடு.

செங்கண்ணன் பறந்துபோய்ப் பொன்னியிடம் நின்றான். அவளிடம் எப்படித் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. “பூவுல கோடு இருந்துச்சும்மா. நான்தான் குருடு” என்றான்.

பொன்னி அவன் தலையைச் சுற்றி ஒரு வட்டம் பறந்தாள். “இன்னிக்கு எங்க கூட்டுலேருந்து ஒருத்திகூட அந்தப் பக்கம் வர மாட்டா. போங்கண்ணே, நேரமாகுது!” என்றாள்.

பெரியநாயகி பக்கவாட்டில் சாய்ந்து படுத்தாள். “இனிமே நான் பேச மாட்டேன். கழுத்து ஆடினா எல்லாம் கெட்டுது” என்று சொல்லிவிட்டு அசையாமல் கிடந்தாள்.

ஒரு யானைக்கு அசையாமல் கிடப்பது விளையாட்டல்ல. அவள் எடை அவளையே அழுத்தியது. ஈக்கள் கண்ணோரம் மொய்த்தன. காதை அசைத்து விரட்டவும் முடியாது. செங்கண்ணன் இறக்கையால் விசிறி விசிறி ஈயை ஓட்டினான். முந்தாநாள் வரை கிளை உச்சியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவன், இன்றைக்கு ஓடி ஓடிப் பழம் கொண்டுவந்தான். கீற்று வழியே மனைவிக்கு ஒன்று, யானையின் வாயோரம் ஒன்று.

மரகதம் வேருக்கு அருகே இருந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, பாறையைத் தாண்டிடுச்சு.”

வெயில் ஏறியது.

“அண்ணே, அடிமரத்துக்குள்ள நுழையுது.”

வெயில் உச்சிக்கு வந்தது. யாரும் வரவில்லை. செங்கண்ணன் மரத்தின் உச்சிக்குப் பறந்து நான்கு பக்கமும் பார்த்தான். மூன்று மலைக்கு அப்பால் பழம் பார்க்கிற கண்ணுக்கு ஒரு மனிதத் தலைகூடத் தென்படவில்லை. கீழே இறங்கி, பெரியநாயகியின் பட்டையை உற்றுப் பார்த்தான். அதிலிருந்து பொறி பறக்கவில்லை. ஒளி வீசவில்லை. தோல்வாரும் ஒரு கறுப்புப் பெட்டியும்தான்.

“இதுலேருந்து எதுவுமே போகலக்கா! எனக்கு ஒண்ணும் தெரியலயே! நாம ஏமாந்துட்டோமா?”

பெரியநாயகி பேசவில்லை. கண்ணை மட்டும் உருட்டி அவனைப் பார்த்தாள். அந்தக் கண்ணோரம் ஈரம் வழிந்திருந்தது. ஆறு மணி நேரமாக அவள் அசையவில்லை.

அப்போது வேரோரம் மண் வெடித்து, நூல் போல ஒரு புகை எழுந்தது. உயரத்தில் கீற்று வழியே வெண்கண்ணியின் குரல் வந்தது.

“ஏனுங்க! புகை வாடை வருதே?”

செங்கண்ணன் பறந்துபோய்க் கீற்றருகே ஒட்டிக்கொண்டான். அவளிடம் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

“வேர்ல நெருப்பு. அணைக்க ஆளுங்க வந்துக்கிட்டு இருக்காங்க.”

“எங்க வர்றாங்க? உங்க கண்ணுக்குத் தெரியுதா?”

செங்கண்ணன் மறுபடியும் நான்கு பக்கமும் பார்த்தான்.

“தெரியல. ஆனா வர்றாங்க.”

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னான். சொல்லிவிட்டுக் கீழே போய், மறுபடியும் யானையின் கண்ணோரத்து ஈயை ஓட்டத் தொடங்கினான்.

கொஞ்ச நேரத்தில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. புதரை விலக்கிக்கொண்டு ஒரு பெண்ணும் இரண்டு வனக் காவலர்களும் வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில், பட்டையின் சேதியைப் பிடிக்க, மீன்முள் மாதிரி ஒரு கம்பி இருந்தது. அந்தக் கம்பி நேராகப் பெரியநாயகியின் கழுத்தைக் காட்டியது.

“அய்யோ, அசையவே இல்லையே! போயிடுச்சா?” என்று பரிமளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியநாயகி பெருமூச்சு விட்டபடி எழுந்து உட்கார்ந்து, பிறகு நின்றாள். மூவரும் பத்தடி பின்னால் ஓடினார்கள். அவளோ யாரையும் விரட்டாமல் நடந்துபோய்த் தூரத்து மூங்கிலோரம் நின்றுகொண்டாள்.

“மறுபடியும் ஏமாத்திட்டா இந்தக் கள்ளி!” என்றார் காவலர் ஒருவர். அடுத்த நொடியே மூக்கைச் சுளித்தார். “பொறுங்கம்மா. அங்க பாருங்க, புகை!”

பரிமளா தோள்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மரத்தை நோக்கிப் பிடித்தாள். பெட்டியின் திரையில் மரமெல்லாம் நீலமாகவும், வேர் மட்டும் செக்கச்செவேலென்றும் தெரிந்தது.

“உள்ள வேர் முழுக்கக் கனிஞ்சுக்கிட்டு இருக்குண்ணா! மேல இருவாச்சிக் கூடு வேற இருக்கு! ஜீப்புலேருந்து தண்ணியை எடுத்தாங்க, சீக்கிரம்!”

புதருக்குள் மரகதம் சீறிச் சிரித்தாள். “என் மூஞ்சியில இருக்கற ரெண்டு குழிக்கு அவங்க பெட்டி செய்ய வேண்டியிருக்கு பாருங்கண்ணே!”

மண்வெட்டி விழுந்தது. வேரைச் சுற்றிப் பார்த்துப் பார்த்துத் தோண்டினார்கள். கங்கு தெரிந்த இடத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றினார்கள். ‘புஸ்’ என்று ஆவி எழுந்தது. ஜீப்புக்கும் மரத்துக்குமாகக் காவலர்கள் ஏழெட்டு நடை நடந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் பரிமளா மறுபடியும் பெட்டியைப் பிடித்துப் பார்த்தாள்.

“எல்லாம் நீலம். அணைஞ்சாச்சு!” என்று சொல்லி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் புதருக்குள் இன்னொருத்தியும் அதையே சொன்னாள். “அணைஞ்சாச்சு அண்ணே. ஒரு பொட்டுச் சூடு இல்ல.”

செங்கண்ணன் மரகதத்தின் முன்னால் இறங்கினான். அலகில் இருந்த அத்திப் பழத்தை அவள் முன்னால் வைத்தான்.

“நான் பழம் தின்ன மாட்டேங்கண்ணே.”

“தெரியும். எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லையே!”

மரகதம் அந்தப் பழத்தைச் சுற்றி ஒரு சுருள் போட்டுக்கொண்டாள்.

மனிதர்கள் போன பிறகு செங்கண்ணன் கீற்றருகே போனான். உள்ளே குஞ்சு பசியில் கீச்கீச்சென்று கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பழத்தை நீட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். வெண்கண்ணி முழுவதும் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“மூணு நாளா எனக்குக் காலுக்குக் கீழ கதகதன்னு இருந்துச்சுங்க. மரத்துக்குள்ளேருந்து சூடு மேல வந்துக்கிட்டே இருந்துச்சு.”

செங்கண்ணன் திடுக்கிட்டான். “மூணு நாளாவா? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, கண்ணால பார்த்தியான்னு கேப்பீங்க. இந்த இருட்டுக்குள்ள நான் எதைப் பார்த்துச் சொல்ல?”

நெருப்புக்குக்கூட அவன் அவ்வளவு பயந்ததில்லை. இந்த ஒரு பேச்சு அவனை உலுக்கிவிட்டது. அந்தக் கீற்றில் தலையைச் சாய்த்தான். பிறகு கேட்டான்.

“இப்ப உள்ள எப்படி இருக்கு? நீ சொல்லு. நான் கேக்கறேன்.”

வெண்கண்ணி சொல்ல ஆரம்பித்தாள். குஞ்சுக்கு முதுகில் முள் முள்ளாகச் சிறகு குத்தத் தொடங்கியிருப்பதை, அது தூங்கும்போது ஒரு காலை நீட்டிக்கொள்வதை, தன் இறக்கையிலும் புதுச் சிறகு அரும்புவதை. எதுவும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அவன் கேட்டுக்கொண்டான்.

நம் கண்ணுக்கு எட்டாததை எல்லாம் பொய் என்று சிரித்துத் தள்ளினால், நம் வீட்டுக்குள் நெருப்பே வந்தாலும் அதை நம்மிடம் சொல்ல யாருக்கும் வாய் வராது.